இரண்டு விசிலுக்குச் சாப்பிடும் தம்பி

என் வயிற்றில் புண் வந்ததற்கு என் தம்பிதான் காரணம் என்று வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. தையல் பிரித்து நாலு மாதம் ஆகிறது. சாப்பிட்டது செரிக்கிறது, மறுபடியும் வண்டிக்குப் போகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை எழுதி வைக்கச் சொன்னவள் என் மனைவி ரெஜினா. "வயித்த அறுத்துக்கினு வந்தவங்க ஊர்ல எத்தினியோ பேர் இருக்காங்க. நீங்க தம்பியப் பத்தி எழுதுங்க, யாருக்காச்சும் ஆவும்" என்றாள். இரண்டும் ஒரே கதைதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் செஞ்சி–திண்டிவனம் வண்டியில் கண்டக்டர். பெயர் அருளப்பன். வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான், ரெஜினா, தம்பி சவரிமுத்து மூன்று பேர்தான். சவரிக்கு இருபத்து நாலு வயது. பார்ப்பதற்கு என்னைவிட லட்சணமாக இருப்பான். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். நாம் சொல்வதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வான். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவனுக்கு வைத்த பேர்களை இங்கே எழுத மாட்டேன். நைனா சாகும்போது, "உன்ன நம்பித்தான்டா உட்டுட்டுப் போறேன்" என்று சொல்லி அவன் கையை என் கையில் கொடுத்தார்.

அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. தட்டில் சோற்றைப் போட்டு வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஊட்டினால் துப்புவான். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து ஒரு மணி நேரம் கெஞ்சியும் அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினேன். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. சவரி சோற்றில் கை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான். நான் பயந்துபோய் ஒரு விசில் கொடுத்தேன். நிறுத்திவிட்டான். வண்டி ஓட்டுகிற டிரைவர்கூட அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எல்லாமே விசில்தான். கிணற்றில் கயிறு போட்டுத் தண்ணீர் இழுப்பது, குளிப்பது, வேட்டி கட்டுவது, தட்டைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். ஆரம்பிக்க இரண்டு, நிறுத்த ஒன்று. சாப்பிடும்போது முற்றத்தில் ராஜகிரி மலையைப் பார்த்து உட்காருவான். ரெஜினா கல்யாணமாகி வந்த புதிதில் விசிலை வாங்கி ஊதிப் பார்த்தாள். அவன் சாப்பிடாமல் நான் வருகிறேனா என்று வாசலைப் பார்த்தான். "அவன் நான் ஊதினாத்தான் கேப்பான்" என்று சொல்லி விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என் வயிற்றைத் தின்றது.

எங்கள் வண்டி பன்னிரண்டரைக்குத் திண்டிவனத்தில் நிற்கும். மற்றவர்கள் அங்கேயே சாப்பிடுவார்கள். செஞ்சியில் சவரி தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் பட்டினியாக இருக்கும்போது நான் எப்படிச் சாப்பிடுவது? டீயைக் குடித்துவிட்டு வண்டியேறுவேன். இரண்டரைக்குச் செஞ்சி வந்ததும் வீட்டுக்கு ஓடி, இரண்டு விசில் கொடுத்து, அவன் சாப்பிட்டு முடித்ததும் ஒரு விசில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினால் அங்கே டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டிருப்பார். பதினோரு வருஷம் மத்தியானச் சாப்பாடு என்பது எனக்கு ராத்திரிதான்.

முதலில் வயிற்றில் எரிச்சல். பிறகு நடு முதுகுவரை குத்துகிற வலி. சோடாவைக் குடித்துச் சமாளித்தேன். ஒரு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. திண்டிவனத்து டாக்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள ரத்தம் கசியுது. பாண்டிச்சேரிக்குப் போங்க, இன்னிக்கே" என்றார். போன ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல இடம்.

அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான் பாதி வைத்தியம். ரத்தம் எடுக்க ஒரு வரிசை, எக்ஸ்ரேவுக்கு ஒரு வரிசை. எக்ஸ்ரேவுக்கு முன்னால் பேரியம் என்று ஒரு டம்ளர் கொடுத்தார்கள். சுண்ணாம்பைக் கரைத்து வைத்த மாதிரி கொழகொழவென்று இருந்தது. அது போகிற வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். இரைப்பையை விட்டு வெளியே போகிற வாசலில் புண் ஆறி ஆறிச் சுருங்கி, வழி அடைபட்டிருந்தது. அறுத்து, இரைப்பையின் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்து, குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும் என்று சொன்னார்கள். ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்றிக்கொண்டு பத்து நாள் கழித்து ஆபரேஷன். பைபாஸ் ரோடு போடுகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

எனக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. நான் போன மூன்றாம் நாள் மத்தியானம் ரெஜினா சவரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தபோதுதான் பயம் வந்தது. அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ரெண்டு நாளா ஒரு பருக்க கூட வாயில வெக்கல. பஸ்ஸுல வாழப்பழம் குடுத்தேன், அதக்கூடத் தொடல. வேற விசில் வாங்கி ஊதியும் பாத்துட்டேன். இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

விசில் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ரெஜினா கொண்டுவந்த டிபன் கேரியரைத் திறந்து தட்டில் போட்டுக் கொடுத்தேன். சவரி தட்டோடு நாலு பக்கமும் திரும்பினான். மலையைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. பாண்டிச்சேரியில் மலைக்கு நான் எங்கே போவது? நின்றபடியே சாப்பிடட்டும் என்று இரண்டு விசில் ஊதினேன். வார்டில் தூங்கிக்கொண்டிருந்த பதினாறு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் குளுக்கோஸ் குழாயோடு எழுந்து நின்றார். சவரி அந்தக் களேபரத்தில் காதைப் பொத்திக்கொண்டான், தட்டு கீழே விழுந்தது.

வார்டு சிஸ்டர் வேகமாக வந்து கையை நீட்டினார். "கண்டக்டர், இது ஆஸ்பத்திரி. குடுங்க அத." பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விசிலை அவர் கையில் வைத்தேன்.

நான் செய்த தப்பு அந்தக் கையில் விசில் போய்ச் சேர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருஷம் தம்பிக்குச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். செஞ்சியில், எங்கள் முற்றத்தில், மலையைப் பார்த்து, அந்தத் தட்டில், நான் ஊதினால் சாப்பிட மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆபரேஷன் மேஜையில் நான் போய்விட்டால் இவன் பசியிலேயே செத்துப்போவான். இதை ரெஜினாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் அதட்டினாள். "அந்த மாரி பேசாதீங்க. பத்து நாள் இருக்குதில்ல?"

பக்கத்துக் கட்டிலில் வல்லத்திலிருந்து வந்த கோவிந்தன் இருந்தார். மணிலா, அதாவது வேர்க்கடலைப் பயிர் வைப்பவர். குடலிறக்கம் ஆபரேஷனுக்காக வந்திருந்தார். வயிற்றுச் சதை விட்டுக்கொடுத்து, குடல் வெளியே பிதுங்கிக்கொண்டு வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வயிறு. மல்லாந்து படுத்தால் எதிர் ஜன்னல் தெரியாது. அன்று மாலை அவர் தன் மனைவியைத் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வராந்தாவில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பொறுமை போய் வெண்கல டம்ளரை விரலால் டக் டக் என்று இரண்டு தடவை தட்டினார்.

சவரி என் கட்டில் காலடியில் புதுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவர் தட்டியதும் நிமிர்ந்து பார்த்தான். அவர் வயிற்றைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தான். சோற்றில் கை வைத்தான்.

"கோவிந்தண்ணே, தட்டாதீங்க, அப்டியே இருங்க" என்று நான் கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தாகத்தோடு டம்ளரைப் பிடித்தபடி அசையாமல் கிடந்தார். சவரி கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். விசில் இல்லை, நான் ஊதவில்லை, மலையும் இல்லை. 'இரண்டு' என்பது மட்டும் இருந்தது, அதோடு மலை மாதிரி ஒரு வயிறு. விஷயத்தைச் சொன்னதும் கோவிந்தன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஊர்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. இங்க ஒருத்தனுக்காச்சும் ஒதவுதே" என்றார்.

அன்றிலிருந்து ரெஜினாவும் சவரியும் வராந்தாவிலேயே தங்கினார்கள். கோவிந்தன், ரெஜினா, நான் மூன்று பேரும் வேலையை ஆரம்பித்தோம். முதல் இரண்டு நாள் கோவிந்தன் டம்ளரைத் தட்டினார். அடுத்து ரெஜினா தட்டினாள், அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாப்பிட்டான். பிறகு தட்டும்போதே, "சாப்டு, சாப்டு" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு தட்டுவதை மெதுவாக்கி மெதுவாக்கி நிறுத்தினாள். ஆறாம் நாள் "சாப்டு" என்று ஒரு தடவை சொன்னதே போதுமாயிருந்தது. சில வேளை அவன் அடம்பிடித்துத் தட்டைத் தள்ளியதும் உண்டு. அப்போதெல்லாம் ஒரு படி கீழே இறங்கிவந்து மறுபடியும் டம்ளரைத் தட்டுவோம். ஒரே நாளில் இரண்டு விஷயத்தை மாற்றக் கூடாது என்பதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். தட்டையும் மாற்றி ஆளையும் மாற்றிய அன்று சாம்பார் கோவிந்தன் போர்வையில்.

குளிப்பதில் வேறு தொல்லை. வார்டுக்குப் பின்னால் குழாய் இருந்தது, நீளமான பித்தளைக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் தண்ணீர் வரும். வீட்டில் கிணற்றிலிருந்து பத்து வாளி இழுக்கிறவன் அந்தக் குழாய்க்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குத் தண்ணீர் என்பது கயிற்றில் வருவது. ரெஜினாதான் யோசித்தாள். கோவிந்தனின் படுக்கையைச் சுற்றிக் கட்டிவந்த கயிற்றை வாங்கி, ஒரு முழம் குழாய்க் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டாள். சவரி கயிற்றைப் பார்த்தான், பிடித்து இழுத்தான், தண்ணீர் கொட்டியது. அவன் சிரித்ததை வராந்தாவில் நின்று நான் பார்த்தேன். ரெஜினா தினமும் கயிற்றில் இரண்டு விரற்கடை வெட்டி, அந்தத் துண்டை என் தலையணைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள்.

நடுவில் யாரோ குப்பை என்று கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் சிஸ்டரே அதைப் பழையபடி கட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாம ஒன்னும் நடக்காது இந்த வார்டுல" என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் இளவயதுக்காரர், சீமையில் படித்தவர். தினமும் என் நாடியைப் பிடித்துக்கொண்டே சவரியைத்தான் பார்ப்பார். ஒரு நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்ன வயதிலிருந்து அவன் எப்படி இருந்தான் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், விசிலைச் சொல்லும்போது சிரித்தார்.

"உங்க தம்பிக்குப் புத்தி பெரண்டு போகல. இதுக்கு ஆட்டிசம்னு ஒரு பேர் சொல்றாங்க. பிறவியிலேயே இருக்கறது. நாம ஒரு எடத்துல கத்துக்கிட்டத இன்னொரு எடத்துல தானா செஞ்சிடுவோம். இவங்களுக்கு அந்த எடம், அந்த ஆள், அந்தச் சத்தம் எல்லாம் சேந்துதான் அந்த வேலை. ஒன்னு மாறினாலும் அது வேற வேலைதான். அதனால ஒவ்வொரு எடத்துலயும், ஒவ்வொரு ஆள்கிட்டயும் மறுபடி கத்துக் குடுக்கணும்."

"இதுக்கு மருந்து இருக்குதா டாக்டர்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. எனக்கே அதிகம் தெரியாது, நான் வயிறு அறுக்கறவன். ஆனா நீங்க செய்யறீங்களே, கயிற வெட்டி வெட்டி, அதத்தான் செய்யணும்."

அவனுக்கு அப்படி ஒரு பேர் இருக்கிறது என்று கேட்டதில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. நைனாவிடம் அவன் வாங்கின அடி, வேண்டுதல், மந்திரித்த கயிறு எல்லாம் நினைவுக்கு வந்தன. நாங்கள் யாரும் பாவம் செய்யவில்லை. வயிற்றுக்காக வந்தவன் தம்பிக்கும் சேர்த்துப் பதில் வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலை சவரி என் சட்டைப் பையைத் தடவினான். விசில் இல்லை. "அண்ணன் வந்துடுவேன்" என்றேன். "வந்துடுவேன்" என்றான். மயக்க மருந்தின் வாசனை வரும்வரை அதுதான் காதில் இருந்தது.

கண் விழித்தபோது மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாய் வயிறுவரை இறங்கியிருந்தது. தைத்த வாசல் ஆறும்வரை உள்ளே சேருகிற நீரை வெளியே எடுப்பதற்காம். நாலு நாள் வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, எல்லாம் கை நரம்பு வழியாக. இருமினால் உயிர் போனது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்துவிட்டு, மணிக்கு இரண்டு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நான் குடிக்கவில்லை. குடித்தால் தையல் தெறித்துவிடும் என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ரெஜினா கெஞ்சினாள். சிஸ்டர் திட்டினார். கோவிந்தன் தன் ஆபரேஷன் முடிந்து முனகிக்கொண்டே புத்தி சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பதின்மூன்று வயதுச் சவரி அன்றைக்கு நான்தான்.

மத்தியானம் ரெஜினா துணி துவைக்கப் போயிருந்தாள். சவரி எழுந்து கோவிந்தனின் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்று குழாயில் கயிறு இல்லை, கடைசித் துண்டையும் ரெஜினா காலையில் வெட்டிவிட்டிருந்தாள். திரும்பி வந்தபோது டம்ளரில் தண்ணீர் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தபடி, டம்ளரை நகத்தால் இரண்டு தடவை தட்டினான். "சாப்டு" என்றான்.

யாரும் அவனிடம் சொல்லவில்லை. தட்டுகிற ஆள் வேறு, சோற்றுக்குப் பதில் தண்ணீர், சாப்பிட வேண்டிய ஆளும் வேறு. நான் வாயைத் திறந்தேன். இரண்டு வாய் குடித்தேன். டக் என்று ஒரு தடவை தட்டிவிட்டு டம்ளரைப் பிடுங்கிக்கொண்டான். அதற்கு மேல் கேட்டும் தரவில்லை. சிஸ்டர் சொன்ன அளவு காதில் விழுந்திருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. அழுதால் தையல் வலிக்கும் என்று தெரிந்தும் அழுதேன்.

டிஸ்சார்ஜ் அன்று சிஸ்டர் விசிலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "இத இனிமே பஸ்ல மட்டும் ஊதுங்க" என்றார். டாக்டர் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரை.

செஞ்சிக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பழைய முற்றம், பழைய தட்டு, எதிரே மலை. சவரி பழையபடி விசிலுக்காக என் கழுத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். ரெஜினா அசரவில்லை. பாண்டிச்சேரியில் செய்ததை டம்ளர் தட்டுவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை நாலே நாள்தான் ஆயிற்று. நான் உள் அறையில் படுத்துக்கொண்டு, பேசாமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் டியூட்டி. திண்டிவனத்தில் பன்னிரண்டரைக்குத் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாய் இறங்கவில்லை. அங்கே அவன் என்ன செய்கிறானோ என்றிருந்தது. டிரைவர் முறைத்தார், சாப்பிட்டேன். இரண்டரைக்குச் செஞ்சியில் வண்டி நின்றதும் காலே என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடியது, கை விசிலில் இருந்தது.

சவரி முற்றத்தில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் தட்டு கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது, காய்ந்தும் போயிருந்தது.

"ஒரு மணிக்கே சாப்ட்டான். கொழம்பு ரெண்டாந்தடவ வாங்கினான்" என்றாள் ரெஜினா.

"என்னத் தேடலையா?"

"இல்லீங்க."

பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வலித்தது. நான் இல்லாமல் அவனுக்கு ஆகாது என்பதைப் பதினோரு வருஷம் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தவன் நான். அப்புறம், நான் இல்லாமலே போகிற ஒரு நாளிலும் ஒரு மணிக்கு இந்தத் தட்டு கழுவி இங்கேதான் சாய்ந்திருக்கும் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டுக்கு மெதுவாக நடந்து திரும்பினேன்.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார் டிரைவர்.

"வீட்டுல எனக்கு வேல இல்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது.